ஏர்பெண்டர் அனிமேயா, கார்ட்டூனா: ஒரு வீட்டுச் சண்டைக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ அனிமே என்கிறான் உங்கள் மகன். இல்லவே இல்லை, அது கார்ட்டூன் என்கிறாள் உங்கள் அண்ணன் மகள். நடுவில் புகுந்து, “அப்படியானால் சுட்டி டிவியில் பார்த்தோமே ஜாக்கி சான், அது என்ன?” என்று கேட்டு இருவரிடமும் முறைப்பு வாங்கிக்கொண்டீர்கள். கூடவே, 2025 ஜனவரியில் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்த அந்தப் பழைய ஜப்பானிய ராமாயணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தீர்ப்பை முதலில் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் மேலே படிக்க வேண்டியதில்லை. ஏர்பெண்டர் அனிமே இல்லை. ஜாக்கி சானும் இல்லை. ராமாயணம் அனிமேதான், ஒரு சிறு வில்லங்கத்தோடு. இத்தனை சொன்னதும் அண்ணன் மகள் வெற்றிச் சிரிப்புச் சிரிப்பாள். அவளிடம் காரணம் கேளுங்கள். “ஜப்பானில் வரைந்தால் அனிமே, மற்றதெல்லாம் கார்ட்டூன்” என்று சொன்னாள் என்றால் அவளுக்கும் பாதி மதிப்பெண்தான்.

சொல்லின் பொருளைப் பார்த்தாவது தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது. ‘அனிமேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர்கள் தங்கள் நாவுக்கு ஏற்ப ‘அனிமேஷோன்’ என்று நீட்டி, பிறகு வாலை நறுக்கிவிட்டார்கள். அங்கே தெருவில் போகிறவரைக் கேட்டால் டிஸ்னி படமும் அனிமேதான், டாம் அண்ட் ஜெர்ரியும் அனிமேதான். அதற்கு முன்பு ‘மங்கா எய்கா’ என்றார்கள், அதாவது மங்காப் படம்; மங்கா என்றால் அவர்களுடைய படக்கதை. நம் பாட்டிமார் எல்லாவற்றையும் ‘பொம்மைப் படம்’ என்று ஒரே கூடையில் போட்டதைப் போல. ஜப்பானின் புகழ்பெற்ற அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகிக்கு ‘அனிமே’ என்ற குறுக்கல் பிடிக்காது. மங்கா எய்கா என்றே சொல்ல விரும்பியவர் அவர். ஆக, ஜப்பானியரைச் சாட்சிக்கு அழைத்தால் வழக்கு கலைந்துவிடும். அந்தச் சொல்லை ஒரு தனி வகைக்கு ஒதுக்கியவர்கள் வெளியே இருக்கும் நாம்தான். வேலியைப் போட்டவர்களே அது எங்கே ஓடுகிறது என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்து எல்லோரும் காட்டும் அடையாளம் கண். பெரிய கண், அதில் இரண்டு வெள்ளைப் புள்ளி, கூரான முகவாய், ஈர்ப்பு விசைக்குக் கட்டுப்படாத தலைமுடி. இதை வைத்து ஆள் பிடிக்கப் போனால் முதலில் தப்பிப்பவன் ஷின்-சான். உருளைக்கிழங்கு முகமும் கம்பளிப்பூச்சிப் புருவமுமாக இருக்கும் அவனை அனிமே இல்லை என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். 1969 முதல் ஞாயிறு மாலைகளில் ஜப்பானிய வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் ‘சசாயெ-சான்’ குடும்பத்தில் ஒருவருக்கும் மினுங்கும் கண் கிடையாது. இசாவோ தகாஹாதா 2013இல் எடுத்த ‘இளவரசி ககுயா’ கரிக்கோடும் நீர்வண்ணமுமாக, பாதித் தாளைச் சும்மா விட்டு வரைந்த படம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெரிய கண்ணே ஜப்பானின் சொந்தச் சரக்கு இல்லை. டிஸ்னியின் தீவிர ரசிகரான மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா அங்கிருந்து எடுத்து வளர்த்தது அது.

கண்ணைப் பெரிதாக்கிவிட்டு அனிமே என்று பலகை மாட்டுவது, மிளகை ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டுவிட்டு ‘செட்டிநாடு’ என்று எழுதி வைக்கும் நெடுஞ்சாலைக் கடைகளை எனக்கு நினைவூட்டும். சாப்பாடு மோசம் என்று சொல்லவில்லை. சில கடைகளில் நன்றாகவே இருக்கும்.

சரி, கண்ணும் இல்லை, அகராதியும் இல்லை என்றால் வேறு எது? இங்கே என் தொழில் குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சென்னையில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் இன்பிட்வீன் வரைபவனாக, அதாவது இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரைபவனாக வேலை பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வரும். ஸ்டோரிபோர்டின் நகல், பாத்திரங்களை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரைந்து காட்டும் மாடல் ஷீட், அப்புறம் எக்ஸ்போஷர் ஷீட். இந்தக் கடைசிக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளமான அட்டவணை, ஒரு வரி என்பது ஒரு ஃபிரேம், 24 வரி சேர்ந்தால் ஒரு விநாடி. அதன் ஒரு பத்தியில் வசனம் எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். 17ஆவது வரியில் ‘ம்’ என்றால் உதடு மூட வேண்டும், 19இல் ‘ஆ’ என்றால் திறக்க வேண்டும், 22இல் ‘ஓ’ என்றால் குவிய வேண்டும். அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை. ஆனாலும் பென்சிலை எடுக்கும் முன்பே, எங்கோ ஒரு ஸ்டுடியோவில் ஒரு நடிகர் அந்த வரியைப் பேசி முடித்து, அதற்கு எவ்வளவு நேரம் என்று முடிவாகி, அந்த நேரம் எங்கள் மேசைக்கு ஆணையாக வந்துவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சிக் கார்ட்டூன் வேலை பொதுவாக இந்த முறையில்தான் நடக்கிறது. குரல் முதலில், கோடு பிறகு.

சில ஆண்டுகள் கழித்து, மணிலாவில் ஜப்பானிய வேலை செய்துவந்த நண்பர் ஒருவர் எக்ஸ்போஷர் ஷீட்டுக்கு இணையான அவர்களுடைய டைம் ஷீட் நகல் ஒன்றைக் காட்டினார். ஒரு தாளுக்கு ஆறு விநாடி. வசனப் பத்தியில் எழுத்துப் பிரிப்பு ஒன்றும் இல்லை. இங்கிருந்து இதுவரை இவன் பேசுகிறான் என்று ஒரு கோடு, அவ்வளவுதான். வாய்க்கு மூன்றே படம்: மூடியது, பாதி திறந்தது, முழுவதும் திறந்தது. அவற்றை மாற்றி மாற்றி வைத்துவிடுவார்கள். குரல் நடிகர்கள் பிறகு வந்து, திரையைப் பார்த்து, அந்த வாய்க்குள் தங்கள் பேச்சைப் பொருத்துவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘அஃபுரெக்கோ’; ‘ஆஃப்டர் ரெக்கார்டிங்’ என்பதன் நறுக்கிய வடிவம். நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் பார்சல்களில் கடிகாரம் ஒலிநாடாவிடம் இருந்தது. இங்கே அது படம் வரைபவனிடம் இருந்தது.

அனிமே என்று நான் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். முகத்தின் சாயலை அல்ல, வேலை நடக்கும் முறையை. இதற்குக் காரணம் கலைத் தத்துவம் ஒன்றுமில்லை, பணத் தட்டுப்பாடு. 1963 ஜனவரி 1 அன்று ஃபூஜி டிவியில் தெசுகாவின் ‘தெத்சுவான் அதோமு’ தொடங்கியது. உலகம் அதை ஆஸ்ட்ரோ பாய் என்று அறியும். வாரா வாரம் அரை மணி நேரம் என்று தெசுகா ஒப்புக்கொண்டார், அதுவும் அடக்க விலைக்குக் கீழே. ஈடுகட்டக் கைகொடுத்தது பொம்மையும் மிட்டாயும். மெய்ஜி நிறுவனத்தின் சாக்லேட் டப்பாவில் அதோமு ஸ்டிக்கர் வந்தது. மங்கா, தொலைக்காட்சி, கடைச் சரக்கு என்ற முக்கோணம் அன்று போட்டது இன்றுவரை நிற்கிறது. வரைவதிலோ கடும் சிக்கனம். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும் ஒரு படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் எட்டுப் படம் போதும். பறக்கும் காட்சியை ஒரு முறை வரைந்து பெட்டியில் வைத்துக்கொண்டு பத்து முறை எடுத்து ஓட்டலாம். முகம் அசையாமல் இருக்கட்டும், வாய் மட்டும் அசையட்டும்.

சிக்கனமும் ஜப்பான் கண்டுபிடித்ததில்லை என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். அமெரிக்காவில் ஹன்னா-பார்பரா கார்ட்டூன் நிறுவனத்தார் அதே காலத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். யோகி கரடி ஆடையே இல்லாமல் தொப்பியும் காலரும் டையும் மட்டும் ஏன் கட்டிக்கொண்டு திரிகிறது என்று யோசித்ததுண்டா? காலருக்கு மேலே தலை மட்டும் தனி செல்லில், அதாவது தனியான ஒளிபுகும் தாளில், அசையும். கீழே உடல் சும்மா நிற்கும். காலர் அந்தத் தையலை மறைக்கிறது. ஆனால் மிச்சம் பிடித்த இடத்தை இரண்டு ஊரும் வேறு வேறு பொருளால் நிரப்பின. ஹன்னா-பார்பரா பேச்சால் நிரப்பினார்கள்; கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கதை புரியும். ஜப்பானியர்கள் காட்சியமைப்பால் நிரப்பினார்கள். அசையாத ஒரே ஓவியத்தின் மீது கேமரா மெல்ல நகர்வது, பேசுகிறவனை விட்டுவிட்டு மின்கம்பியையும் காலி நாற்காலியையும் காட்டுவது, ஒரு முகத்தை அப்படியே உறையவைத்து எண்ணெய் ஓவியமாக மாற்றிவிடுவது (இயக்குநர் ஒசாமு தெசாகியின் கைவரிசை). மிச்சம் பிடித்த படங்களையெல்லாம் ஓர் எட்டு விநாடிச் சண்டைக்குக் கொட்டிவிடுவது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஏதாவது ஓர் அனிமே ஓடும்போது நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில், ஒருவன் வாயின் மூன்று படங்களும் ஒருத்தியின் கூந்தல் நுனியும் தவிர ஒன்றும் அசையாது. பிறகு சண்டைக் காட்சிக்குப் போய் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு படமும் வேறு. கை ரப்பராக நீளும், முகம் உருத்தெரியாமல் கோணும். அந்த எட்டு விநாடியை யார் வரைந்தது என்று பெயர் சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். தாத்தாவின் கடிதத்தை உறையைப் பார்த்தே கண்டுபிடிக்கும் அம்மாவைப் போல. ஒரே தொடருக்குள் கை மாறுவது வெளியே தெரிவதை அந்தத் தொழில் பொறுத்துக்கொள்கிறது. எங்கள் பார்சல் வேலையில் கோடு மாடல் ஷீட்டை விட்டு நூலளவு விலகினாலும் தாள் திரும்பி வந்துவிடும்.

அண்ணன் மகளின் ‘ஜப்பானில் வரைந்தால்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். ‘த லாஸ்ட் யூனிகார்ன்’ என்று 1982இல் ஓர் அமெரிக்கப் படம் வந்தது. தயாரித்து இயக்கியவர்கள் ராங்கின், பாஸ் என்ற இரு அமெரிக்கர்கள். திரைக்கதை ஆங்கிலம், குரல் ஹாலிவுட் நடிகர்கள். வரைந்தது டோக்கியோவின் டாப்கிராஃப்ட் ஸ்டுடியோ. இரண்டு ஆண்டு கழித்து அதே டாப்கிராஃப்ட் மியாசாகியின் ‘நவ்சிகா’வை எடுத்தது, அதற்கடுத்த ஆண்டு அங்கிருந்த பலரைக் கொண்டு ஜிப்லி ஸ்டுடியோ பிறந்தது. அதே ஸ்டுடியோ, பெரும்பாலும் அதே கைகள். நவ்சிகாவை அனிமே இல்லை என்று சொல்பவர் இல்லை, யூனிகார்னை அனிமே என்று சொல்பவர் அரிது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். யூனிகார்னில் பாத்திரங்கள் வசனத்துக்காக நிற்கின்றன. நவ்சிகாவில் ஒரு பெண் காற்றில் சறுக்கிக்கொண்டே போகிறாள், யாரும் பேசவில்லை, எவ்வளவு நேரம் அப்படியே போகலாம் என்று முடிவு செய்தவர் கையில் பென்சில் இருந்தது.

கையை மட்டும் வைத்து நாட்டைக் குறிப்பது என்றால் ‘சிம்ப்சன்ஸ்’ கொரியத் தொடராகிவிடும். தொடங்கிய நாளிலிருந்தே அதன் படங்களைப் பெருமளவு வரைந்தது சோலில் உள்ள ஸ்டுடியோக்கள். மறுபுறம், ஜப்பானிய அனிமேயின் இடைப்படங்களிலும் வண்ணத்திலும் பெரும்பங்கு பல பத்தாண்டுகளாகக் கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று போய் வருகிறது. ஜப்பானின் டோயெய் நிறுவனத்துக்கு மணிலாவில் சொந்தக் கிளையே இருக்கிறது. அதனால் அந்தத் தொடர்கள் பிலிப்பைன்ஸ் படமாகிவிடவில்லை. கூலிக்கு நாற்று நட்டவர்கள் பெயரில் பட்டா எழுதும் வழக்கம் எந்தத் தொழிலிலும் இல்லை. நட்டவன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கதை எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு பொருட்டில்லை. 1974இல் வந்த ‘ஹைடி’ சுவிஸ் கதை. தகாஹாதா குழு ஆல்ப்ஸ் மலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்தது. ஐரோப்பாவில் அதைப் பார்த்து வளர்ந்த எத்தனையோ பேர் அது ஜப்பானிலிருந்து வந்தது என்று தெரியாமலே வளர்ந்தார்கள். நம் ஊர் தூர்தர்ஷனில் குல்சாரின் பாட்டோடு வந்த மௌக்லியும் அப்படித்தான்; நிப்பான் அனிமேஷன் 1989இல் எடுத்த தொடர் அது. இப்போது தமிழிலும் கிடைக்கும் ‘சோலோ லெவலிங்’கின் கதை கொரிய வலைநாவலிலிருந்து வந்தது, படம் டோக்கியோவின் ஏ-1 பிக்சர்ஸ். மூன்றும் சந்தேகமே இல்லாமல் அனிமே.

இனி ஏர்பெண்டர். அமெரிக்காவில் நிக்கலோடியன் அலைவரிசைக்காக இருவர் உருவாக்கி, 2005 முதல் 2008 வரை ஓடிய தொடர். எழுத்தும் குரல் பதிவும் அங்கே; படம் வரைந்தது கொரியாவில், ஜேஎம் அனிமேஷன், டிஆர் மூவி, மோய் ஆகிய ஸ்டுடியோக்கள். டிஆர் மூவி ஜப்பானிய வேலையில் ஊறிய நிறுவனம், ஆகவே சண்டைக் காட்சிகளில் அந்த மணம் வீசுவதில் வியப்பில்லை. உருவாக்கியவர்களும் மியாசாகியிடம் கற்றதை மறைத்ததில்லை. உங்கள் மகன் எதைப் பார்த்து அனிமே என்கிறானோ அதெல்லாம் அங்கே உண்மையாகவே இருக்கிறது. ஆனால் ஒரு சாதாரண உரையாடல் காட்சியைப் போட்டு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தச் சொல்லுங்கள். தொடரில் வரும் சொக்கா என்ற பையன் ஒரு நகைச்சுவை வரி பேசும்போது அவன் உதடு ஆங்கில எழுத்துக்கு எழுத்து வளைவதைப் பார்ப்பான். கடிகாரம் குரலிடம் இருக்கிறது. அனிமேயை நன்றாகப் படித்துத் தேறிய அமெரிக்கத் தொடர் என்று சொன்னால் அதற்கு ஒரு குறைவும் இல்லை. பல அனிமேக்களைவிட அது உயர்ந்தது என்பது என் கருத்து. ஜாக்கி சானுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. 2000இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர், அனிமேயாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. தமிழ்க் குரல் கொடுத்தவர்கள் அதை நம் வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டார்கள், அது தனிக் கதை.

என் அளவுகோல் எங்கும் வளையாது என்று சொல்லமாட்டேன். ‘அகிரா’ 1988இல் குரலை முதலில் பதிந்துவிட்டு வரைந்த படம். உதடுகள் எழுத்துக்கு எழுத்து அசையும். அதை அனிமே இல்லை என்று சொன்னால் என்னை அடிக்க வருவார்கள், முன்வரிசையில் நானே நிற்பேன். 2023இல் வந்த ‘ஸ்காட் பில்கிரிம் டேக்ஸ் ஆஃப்’ எழுத்தும் குரலும் அமெரிக்கம், இயக்குநர் ஸ்பானியர், ஸ்டுடியோ டோக்கியோவின் சயன்ஸ் சாரு. கடிகாரம் இரண்டு கைகளுக்கு நடுவே ஊசலாடுகிறது. நான் அனிமே பக்கம் சாய்கிறேன், நீங்கள் மறுபக்கம் சாய்ந்தால் சண்டைக்கு வரமாட்டேன். ‘ரூபி’ தொடர் இதைவிடச் சுவையானது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2013இல் கணினி அனிமேஷனாகத் தொடங்கியது; அதே பாத்திரங்களை வைத்து 2022இல் ஜப்பானின் ஷாஃப்ட் ஸ்டுடியோ ஒரு தொடர் எடுத்தது. முதலாவது அனிமே இல்லை, இரண்டாவது அனிமே. பாத்திரத்தின் முகத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது என்பதைக் கவனியுங்கள். ஓடிடி தளங்கள் ‘காசில்வேனியா’ என்ற அமெரிக்கத் தொடரை அனிமே அடுக்கில் வைப்பது கடைக்காரரின் வசதி. ஊறுகாய் பக்கத்தில் வைத்தால் அப்பளமும் விற்கும்.

சீனத் தொடர்களை அனிமே என்று சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். அவர்கள் தங்களுடையதை டோங்ஹுவா என்கிறார்கள். வான் சகோதரர்கள் 1941இலேயே முழுநீளப் படம் எடுத்த நாடு அது. இன்னொரு பக்கம், ஜப்பானில் எடுத்ததெல்லாம் அனிமே ஆகிவிடுவதுமில்லை. 2009இல் குறும்பட ஆஸ்கர் வாங்கிய குனியோ கட்டோவின் வசனமில்லாப் படத்தையும், கிஹாச்சிரோ கவமோட்டோ பொம்மைகளை ஃபிரேம் ஃபிரேமாக அசைத்து எடுத்த படங்களையும் அங்குள்ளவர்களே தனி அலமாரியில் வைக்கிறார்கள்.

கடைசியாக ராமாயணம். 1980களில் ஆவணப்பட வேலையாக இந்தியா வந்த ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவுக்கு ராமகதை பிடித்துப்போனது. நடிகர்களை வைத்து எடுத்தால் ஒரு மனிதனைத்தான் காட்ட முடியும், கடவுளைக் காட்ட அனிமேஷன்தான் சரி என்று நினைத்தார். புனித நூலைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. படம் ஜப்பானில் தயாரானது. சாகோவோடு கோயிச்சி சசாகியும் நம் ஊர் அனிமேஷன் கலைஞர் ராம் மோகனும் சேர்ந்து இயக்கி 1992இல் முடித்தார்கள். வில்லங்கம் என்று சொன்னேனே, அது மொழி. படத்தை முதலில் ஆங்கிலத்தில்தான் எடுத்தார்கள், பாடல்கள் சமஸ்கிருதம். ராம் மோகனோ, பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனில் டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸிடம் தொழில் பழகியவர். என் அளவுகோலைக் கறாராக வைத்தால் படம் தள்ளாடும். இருந்தும் போர்க் காட்சிகளையும் காட்டின் மௌனத்தையும் பார்த்தால் வரைமேசை யாருடையது என்பதில் எனக்கு ஐயம் வருவதில்லை.

அந்த மேசையைச் சுற்றி இந்தியக் கலைஞர்கள் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதும் படத்தில் தெரியும். வேட்டியை எப்படிக் கட்டுவது, பிள்ளைகள் பெரியவர்களிடம் எப்படி ஆசி வாங்குவது என்றெல்லாம் ஜப்பானியக் கலைஞர்களுக்கு அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த முறை பார்க்கும்போது ராமன் குனிந்து ஆசி வாங்கும் இடத்தில் நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். வேட்டி மடிப்பைக் கவனியுங்கள்.